மோட்டார் கொட்டகையில் சார்ஜ் ஏறிய கார்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களில் பாதிப் பேர் என்னைவிட அதிகம் படித்தவர்கள். எலெக்ட்ரிக் கார் சார்ஜரைப் பற்றி எதைக் கேட்டாலும் கைபேசியை எடுத்துப் படம் காட்டிவிடுவீர்கள். ரொம்ப சந்தோஷம். அதனால் எத்தனை ஆம்பியர், என்ன வயர் என்றெல்லாம் நான் பாடம் நடத்தப்போவதில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரித் தெரியும் பாருங்கள், பச்சை விளக்கு எரியும், வீட்டுக்காரர் காபி கொடுப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று தோன்றும். அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசியாக வேலை பார்த்தது மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பிரிவு அலுவலகத்தில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று லைன்மேன்கள் சொல்வார்கள். கம்பத்தடியில் நின்று நான் கத்தினால் அடுத்த ஊரில் இருக்கிறவர்கள் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும். இத்தனை வருஷத்தில் என் கண்ணெதிரே யாரும் கரண்ட் அடித்துச் செத்ததில்லை, அது போதும் எனக்கு.

ஒரு நாள் காலையில் தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் பிரிவுக்கு உட்பட்ட ஊரில் கலியபெருமாள் என்கிற விவசாயியின் மகள்.

"மேடம், அப்பா அம்மாவுக்கு எலெக்ட்ரிக் கார் வாங்கிக் குடுக்கிறேன். நேத்து சென்னைலேருந்து ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். வழியில சார்ஜ் போட்டுக்கலாம்னு நினைச்ச இடத்துல மெஷின் வேலை செய்யல. வண்டில கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. வீட்டுல மாட்டினா சார்ஜர் பெட்டில சிவப்பு விளக்கு எரியுது. எர்த் சரியில்லைன்னு அர்த்தம், அது எனக்குத் தெரியுது. அதை எப்படிச் சரி பண்றதுன்னுதான் தெரியல. நாளைக்குத் திருக்கடையூர்ல அவங்களுக்கு அறுபதாம் கல்யாணம். ரெண்டு பேரையும் அந்த வண்டிலதான் கூட்டிக்கிட்டுப் போகணும்."

எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போனது. மற்றவர்கள் எல்லாம் சிவப்பு விளக்கை எப்படி அணைப்பது என்று கேட்கத்தான் போன் செய்வார்கள். மத்தியானம் வருகிறேன், அதுவரை யாரும் எதிலும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன்.

கை வைக்க வேண்டாம் என்று சொன்னால் நம் ஊரில் யார் கேட்கிறார்கள். நான் போனபோது பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, சொந்தக்காரர்கள் நிறைந்து, வீடே கலகலவென்று இருந்தது. உறவினர்களை ஏற்றிப் போக ஒரு வேன் வேறு வாசலில் நின்றது. காரை மட்டும் காணோம்.

"பிரச்சனை தீந்துடுச்சு மேடம். என் மச்சான் செல்வம் மோட்டார் மெக்கானிக். அவன் ஏற்பாடு பண்ணிட்டான். வயக்காட்டு மோட்டார் கொட்டகைல நிக்குது வண்டி, சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு. நீங்க உக்காந்து காபி சாப்பிடுங்க" என்றார் கலியபெருமாள். வெள்ளை வேட்டி, கரை போட்ட துண்டு, முகமெல்லாம் சிரிப்பு.

செல்வம் பக்கத்திலேயே நின்றார். "பச்சை எரியுது மேடம்" என்றார். மகன் பாஸான செய்தியைச் சொல்கிற மாதிரி இருந்தது குரல்.

பம்புசெட்டுக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் கார் சார்ஜ் போடக்கூடாது. அது ஒரு பக்கம். விசேஷம் முடிந்த பிறகு அதற்குச் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன், அந்த அலுவலகக் கதை இங்கே வேண்டாம். அதைவிட, மகள் முகத்தில் சிரிப்பு இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. "மாமா எப்படி மாட்டினாருன்னு எனக்குப் புரியல மேடம். நீங்க ஒரு தடவை பாத்துட்டா நிம்மதி" என்று மெதுவாகச் சொன்னாள்.

காபி வரும்வரை அவள் அம்மா ருக்மணி என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். வேன்தான் இருக்கிறதே, அதிலேயே எல்லாரும் போய்விடலாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"எங்க மொதக் கல்யாணத்தப்ப மேலத்தெரு வழியா எங்க கீழத்தெரு மாப்பிள்ளையும் பொண்ணும் வண்டில ஏறிப் போகக் கூடாது. அப்பல்லாம் அப்படித்தான். வரப்பு மேலயே நடந்து வந்தோம். பட்டுச் சேலைய முழங்காலு வரைக்கும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, சேத்துல ஒரு செருப்ப விட்டுட்டு. எம்மவகிட்ட என்னைக்கோ அதச் சொல்லியிருக்கேன். மனசுல வச்சிருந்து இப்ப வண்டியோட வந்து நிக்குது. அந்தத் தெரு வழியா நாளைக்கு எங்களை ஓட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லுது. வேன்ல போனா அது மனசு ஆறாது. எனக்கும்தான்."

வந்த காபியை அப்படியே கீழே வைத்தேன். அந்தக் கார் மறுநாள் காலை கிளம்பியே ஆக வேண்டும் என்று எனக்கும் ஆகிவிட்டது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படி மனசு இளகி இருக்கும்போதுதான் நம் வேலையில் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். மூடக்கூடாது. வாங்க பார்க்கலாம் என்று எழுந்தேன்.

டிராக்டர் போகிற பாதையில் ஐந்தாறு பேர் நடந்தோம். குறுவை நாற்று பச்சைப் பசேலென்று நின்றது. கொட்டகைக்கு வெளியே கார், கழுவித் துடைத்து, முன்னால் மாலை போட்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்ட, விசேஷத்துக்கு வந்த பிள்ளைகள் நாலைந்து பேர் அதில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

தொட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பெண் குழாயைத் தொடுவதும் கையை வெடுக்கென்று எடுப்பதுமாக இருந்தாள். மற்றதுகளைப் பார்த்து, "ஏய், இங்க தண்ணி கடிக்குது" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. செல்வமும் சிரித்தார். "போர் தண்ணி பாப்பா, ஜில்லுனு இருக்கும்ல" என்றார்.

கடித்தது ஜில்லிப்பு இல்லை, கரண்ட்.

கவனமாகக் கேளுங்கள். அந்த நிமிடத்தில் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கத்தான் கை போகும். பெற்றவர்களுக்கும் அதுதான் தோன்றும். தூக்கப் போனவரும் சேர்ந்து விழுந்த கதைகளை நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். முதலில் கரண்டை நிறுத்த வேண்டும், பிறகுதான் பிள்ளை. "யாரும் தொட்டிகிட்டப் போகாதீங்க. புள்ளைங்களா, பைப்பைத் தொடாம நடுவுல அப்படியே நில்லுங்க, யாரும் ஏறாதீங்க" என்று கத்தினேன். என் வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா, பிள்ளைகள் சிலையாக நின்றன. கொட்டகை வாசலில் ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. காய்ந்த மரக்காம்பு. மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டியிலும் கரண்ட் இருக்கலாம் என்பதால் கையால் தொடாமல் அந்தக் காம்பால் கைப்பிடியைத் தட்டி இறக்கினேன். மோட்டார் நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளை வெளியே வரச் சொன்னேன்.

உள்ளே பார்த்தால் நான் நினைத்ததுதான். மோட்டார் கொட்டகைக்கு வருவது கரண்ட் கொண்டுவருகிற மூன்று பேஸ் கம்பி, அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி பல இடங்களில் கிடையாது. ஆனால் கொட்டகையில் ஒரு பல்பு வேண்டுமே. அதனால் நம் டெல்டாவில் ஒரு பழக்கம். ஒரு பேஸை எடுத்துப் பல்பின் ஒரு பக்கம் கொடுப்பது, மறுபக்கத்தை மண்ணுக்குள் இறங்குகிற போர் பைப்பில் கட்டிவிடுவது. பல்பு எரியும். அதுவே தப்புதான், ஆனால் பல்பு குடிப்பது ஒரு மடக்கு கரண்ட், யாருக்கும் தெரிவதில்லை. செல்வம் அந்தப் பல்பு வயரிலேயே ஒரு பெரிய பிளக் பாயின்டை மாட்டிவிட்டார். எர்த் முனையையும் அதே பைப்பில் கட்டிவிட்டார். நியூட்ரலும் எர்த்தும் ஒரே இடத்தில் இருந்ததால் சார்ஜர் பெட்டியும் ஏமாந்து பச்சை காட்டியது. கார் பல்பு இல்லையே. அது குடம் குடமாகக் குடிக்கும். அவ்வளவையும் மண் வாங்கிக்கொள்ள முடியாமல் மிச்சம் பைப்பிலேயே நிற்கும். பைப்பில், தண்ணீரில், கார் பாடியில்.

இதைச் சொல்லிக்கொண்டே வயரைக் கழற்றச் சொன்னேன். செல்வத்தின் முகம் செத்துப்போனது. கலியபெருமாளுக்கோ கோபம் வந்துவிட்டது.

"எங்க ஊர்ல எல்லாக் கொட்டகைலயும் இப்படித்தான் பல்பு எரியுது. இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு? நாளைக்கு என் வண்டி நிக்கணும்னே வந்தீங்களா மேடம்? மேலத்தெருவுல சொல்லி அனுப்பினாங்களா?"

எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆமா, உங்க வண்டியை நிறுத்தத்தான் காலைலேருந்து சோறு தின்னாம வந்தேன். தொட்டியில நின்ன புள்ளைங்கள்ல ஒண்ணு விழுந்திருந்தா நாளைக்கு எந்தக் கல்யாணத்துக்குப் போவீங்க?" என்றேன்.

அவர் அடங்கிவிட்டார். ஈரத்தோடு நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தண்ணி கடிக்குது என்று சொன்ன பெண்ணிடம் வந்ததும் நின்றுவிட்டார். "இது யாரு வீட்டுப் புள்ளை?"

தமிழ்ச்செல்விதான் சொன்னாள். "மேலத்தெரு ராஜகோபால் ஐயா பேத்தி. லீவுக்கு வந்திருக்கு. நம்ம புள்ளைங்களோட சேந்துக்கிட்டு வந்துடுச்சு போல."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கலியபெருமாளின் நிலம், நில உச்சவரம்புச் சட்டத்தில் அவர் அப்பாவுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு அது ராஜகோபால் குடும்பத்தின் நிலம். அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம் அதற்குச் சொந்தக்காரர் ஆனதை அந்த வீட்டில் யாரும் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு சண்டை ஒரு வரப்பில் வந்து நின்றது. வரப்பு யார் பட்டாவில் இருக்கிறது, சர்வே கல் எங்கே இருந்தது என்று வருஷக்கணக்காக மன்னார்குடி கோர்ட்டில் வாய்தா. இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அந்த வரப்புக்குப் பக்கத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்த கொட்டகை.

"மச்சான், பேசாம விட்டுடுவோம். புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. தெரிஞ்சுச்சுன்னா அடுத்த வாய்தாவுல இதையே புடிச்சுக்குவாங்க. போலீஸ் கேஸுகூட ஆவும்" என்றார் செல்வம். அவர் சொன்னது பொய்யில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் மறைக்க மாட்டேன். அந்த வீட்டுல சொல்லத்தான் போறேன்" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம் மேடம், நான் சொல்லிக்கிறேன்" என்றார் கலியபெருமாள். தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் தலையைத் துவட்டினார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலத்தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ருக்மணியும் மகளும் நானும் பின்னால் போனோம்.

ராஜகோபால் மாடியில் சோலார் பலகைகளைக் குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். பேத்தி கலியபெருமாள் கையைப் பிடித்து வருவதைப் பார்த்ததும் குழாயைப் போட்டுவிட்டுக் கீழே ஓடிவந்தார். "வாங்க" என்றார், என்ன ஏது என்று தெரியாத குரலில்.

கலியபெருமாள் உட்காரவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை. "என் மோட்டார் கொட்டகைல தப்பா வயர் மாட்டி காருக்கு சார்ஜ் போட்டோம். உங்க பேத்தி தொட்டியில குளிச்சுக்கிட்டிருந்துச்சு. தண்ணில கரண்ட் இருந்திருக்கு. இந்த மேடம் வந்து நிறுத்திட்டாங்க. புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆகியிருக்கும். தப்பு என்னோடது. நீங்க எங்க சொல்லணுமோ சொல்லிக்குங்க."

ராஜகோபால் பேத்தியை மடியில் இழுத்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடிச்சுச்சாடா கண்ணு?"

"லேசாதான் தாத்தா. இந்த அத்தை ஒரு கத்து கத்துனாங்க பாரு, அதுக்குத்தான் பயந்துட்டேன்."

முதலில் ருக்மணி சிரித்தார். பிறகு எல்லாரும். ராஜகோபாலுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "வண்டி இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"கொட்டகையிலதான்."

"இங்க கொண்டாந்து மாட்டுங்க. சோலார் போட்டப்ப எர்த் எல்லாம் புதுசாப் போட்டது, நல்லா இருக்கு."

கலியபெருமாள் முகம் இறுகியது. "நான் கரண்ட் கேக்க வரல. சொல்லத்தான் வந்தேன்."

"கேக்கலைன்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல. வரப்பு வேற, இது வேற. வரப்பை நான் விட்டுக்குடுக்கிறேன்னு நெனச்சுக்காதீங்க."

"நானும் விட்டுக்குடுக்கல."

இருவரும் அப்படியே நின்றார்கள். எனக்கு நேரக் கணக்குதான் ஓடியது. கலியபெருமாள் வீட்டில் புதிதாக எர்த் குழி தோண்டி, சரிபார்த்து, பிறகு சார்ஜ் ஏற்றுவதற்குள் விடிந்துவிடும். முகூர்த்தமும் போய்விடும். எனக்குத் தெரிந்து அந்த ஊரில் உடனே வண்டி மாட்டக்கூடிய இடம் இது ஒன்றுதான். ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சேற்றில் செருப்பை விட்டவர் நான் இல்லையே.

ருக்மணி முன்னால் வந்தார். "ஒங்களுக்கு நாங்க பத்திரிகை வைக்கல. அது எங்க தப்பு. நாளைக்குத் திருக்கடையூருக்கு வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு நீங்க வரணும். எங்க வண்டிலயே வரணும். வர்றேன்னா சொல்லுங்க, வண்டிய இங்க மாட்டுறோம். இல்லைன்னா வேணாம், நாங்க வேன்ல போய்க்கிறோம்."

ராஜகோபால் வீட்டுப் பக்கம் திரும்பினார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது. "வர்றோம் ருக்மணி. காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

பிறகு நடந்தது நம் வேலை. எர்த்தைச் சோதித்தேன், சுத்தமாக இருந்தது. பெரிய பிளக் பாயின்ட் தனி பிரேக்கரோடு இருந்தது. கலியபெருமாள் வீட்டுப் பந்தல்காரர் கூடவே வந்து ஆசையாக நீட்டிய எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூரப் போடச் சொன்னேன். சார்ஜர் கேபிளைச் சுருட்டி வைக்காமல் முழுக்க விரிக்கச் சொன்னேன். பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் கேபிளை வளையம் வளையமாகச் சுருட்டித் தென்னங்கீற்றுக் குவியல் மேல் வைத்துச் சார்ஜ் போட்டிருந்தார்கள். சூடேறிக் கீற்று புகையத் தொடங்கியபோது நல்ல வேளை யாரோ பார்த்தார்கள். சுருட்டிய வயருக்கு மூச்சு முட்டும், நினைவில் வையுங்கள். பிளக்கை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள் என்று ராஜகோபாலிடம் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளக்கில் கையை வைத்தார். போதும் ஐயா, அதை விடுங்கள் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.

கீழத்தெருப் பிள்ளைகளும் மேலத்தெருப் பிள்ளைகளும் சேர்ந்து வந்து காரின் திரையில் எண் ஏறுவதை வேடிக்கை பார்த்தன. எண் மாறும்போதெல்லாம் ஒரு கூச்சல். அந்தச் சாயங்காலம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, என்னவோ என் வீட்டுக் கல்யாணம் மாதிரி. என்னையும் கட்டாயம் வரச் சொல்லிவிட்டார்கள்.

விடியற்காலையில் நான் வேனில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜகோபால் தன் கையாலேயே கேபிளைக் கழற்றி, மடித்து, பின்னால் வைத்தார். தமிழ்ச்செல்வி ஓட்டினாள். முன்னால் அப்பா, பின்னால் ருக்மணியும் மேலத்தெருத் தம்பதியும். மேலத்தெரு முழுக்க வாசலில் நின்றது. சத்தமில்லாமல் வண்டி நகர்ந்தது. ருக்மணி பட்டுச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போனார். வேனில் செல்வம் என் பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அழுகைதான், ஆனால் நான் அதிகாரி, காட்டிக்கொள்ளவில்லை.

கலியபெருமாள் வீட்டுக்குப் புதிய எர்த் குழியைச் செல்வமே தோண்டினார். உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றி, நான் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை நகரவில்லை. அதோடு விடாமல் அந்த ஊர்க் கொட்டகைகளில் போர் பைப்பில் கட்டியிருந்த பல்பு வயரையெல்லாம் தேடித் தேடிக் கழற்றினார். இனி அவரிடம் யாராவது பச்சை எரிகிறது என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி எர்த் எங்கே போகிறது என்பதுதான். உங்களுக்கும் நான் சொல்ல வந்தது அவ்வளவே. விளக்கைப் பார்க்காதீர்கள், வயரின் அடுத்த முனை எங்கே போய் முடிகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள்.

வரப்பு வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா நாளில் வாதியும் பிரதிவாதியும் அந்த ஒரே காரில்தான் மன்னார்குடிக்குப் போகிறார்கள், கலியபெருமாள் ஓட்டுகிறார். போன மாதம் கோர்ட் வாசலில் ராஜகோபாலைப் பார்த்தேன். பயணமெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"ஏன் கேக்குறீங்க மேடம். போற வழியெல்லாம் வரப்பைப் பத்தித்தான் பேச்சு. டீசல் வண்டியா இருந்தா எஞ்சின் சத்தத்துல பாதியாவது காதுல விழாம போகும். இதுல அவர் பேசுறது ஒரு வார்த்தை விடாம கேட்டுத் தொலைக்குது."